பட்டியலில் 112 பேர், முற்றத்தில் 96 பேர்: நான் கையெழுத்துப் போடலாமா?

ராணுவத்தில் ஆறு ஆண்டு சர்வீஸ் முடித்த ஓர் இளம் அதிகாரி எழுதியிருக்கிறார். அவர் எந்த நாடு, எந்தப் படைப்பிரிவு என்பதை இங்கே சொல்லவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு கம்பெனியின், அதாவது நூறு பேர் அளவிலான ஒரு படைப்பிரிவின், நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆள்கணக்கு, விடுப்புப் பதிவு, சம்பளப் பட்டியல் மூன்றும் அவர் கையில். ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதி, "மேற்கண்ட அனைவரும் பணியில் உள்ளனர் எனச் சான்றளிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டு மாதம், முன்பிருந்தவர் தயாரித்து வைத்த பட்டியலில் அப்படியே போட்டுவிட்டார். மூன்றாம் மாதம் ஒரு ராத்திரி, முன்னறிவிப்பில்லாமல் தீ விபத்து ஒத்திகை நடந்தது. எல்லாரும் முற்றத்துக்கு வந்து நின்றார்கள். டார்ச் வெளிச்சத்தில் வரிசை வரிசையாக எண்ணினார். 96 பேர். பட்டியலில் 112. விடுப்பில் நான்கு பேர், மருத்துவமனையில் ஒருவர். அப்படியானால் 107 பேர் நிற்க வேண்டும். 11 பேரைக் காணவில்லை. பொறுப்பேற்ற பிறகு அவர் எல்லாரையும் ஒருசேர எண்ணியது அதுதான் முதல் தடவையாம்.

மறுநாள் கம்பெனி சார்ஜென்டிடம் கேட்டிருக்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய 11 வங்கி அட்டைகளை எடுத்து வைத்தார். எட்டுப் பேர் வெளியே வேறு வேலை பார்க்கிறார்கள். சம்பளத்தில் பாதி அவர்களுக்கு, பாதி 'கம்பெனி நிதி'க்கு. இரண்டு பேர் படையைவிட்டு ஓடி ஒரு வருஷம் ஆகிறது. கடைசி ஒருவர், விடுப்பில் போன இடத்தில் எட்டு மாதத்துக்கு முன்பு சாலை விபத்தில் இறந்துபோனார். அவருடைய சம்பளமும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது.

கமாண்டரிடம் போனால், "இது காலங்காலமாக நடப்பது. யாருக்கு என்ன நஷ்டம்? இந்த வருஷம் உன் பெயர் பதவி உயர்வுக் குழுவுக்குப் போகிறது, ரிப்போர்ட் எழுத வேண்டியது நான்" என்ற பதில். அந்த மாதம் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுத் தப்பித்திருக்கிறார். இந்த மாதம் 25ஆம் தேதி நெருங்குகிறது. அவர் யோசித்து வைத்திருக்கும் வழிகள் நான்கு: கையெழுத்துப் போட்டுவிட்டு இடமாற்றம் கேட்பது; பெயர் போடாமல் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதுவது; பட்டியல்களைச் செல்போனில் படமெடுத்து ஒரு பத்திரிகையாளருக்கு அனுப்புவது; வேலையையே விடுவது. கடிதத்தின் கடைசி வரி: "ஏற்கெனவே இரண்டு முறை கையெழுத்துப் போட்டவன் நான். எனக்குப் பேசத் தகுதி இருக்கிறதா?"

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. தெரியாமல் போட்டது அந்த இரண்டு கையெழுத்து. எண்ணிப் பார்த்த பிறகு நீங்கள் இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை. சட்டத்தின் பார்வையில் இந்த வித்தியாசம் பெரியது. 25ஆம் தேதிக்குப் பிறகும் அது அப்படியே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிலை அவசரமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. 'பொய்யில் கையெழுத்துப் போடுவதா' என்பது ஒரு கேள்வி. 'இந்த ஊழலை வெளியே கொண்டுவருவதா' என்பது வேறொரு கேள்வி. கடிதம் முழுக்க இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு இந்த மாதமே பதில் சொல்லியாக வேண்டும், அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இரண்டாவதற்கு அவகாசம் இருக்கிறது. அதை யோசித்து, வழக்கறிஞரைக் கலந்து, சரியான வாசலைத் தேடிச் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் தீர்க்க நினைப்பதால்தான் ராஜினாமாவரை மனசு போகிறது.

"யாருக்கு என்ன நஷ்டம்?"

உங்களை அதிகம் அசைத்தது கமாண்டரின் இந்தக் கேள்விதான் என்று படுகிறது. நீங்களே இரண்டு இடத்தில் "அரசாங்கப் பணம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 11 பேரில் இறந்துபோனவரை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு வீரர் இறந்தால், அந்த மரணம் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் மற்றதெல்லாம் நகரும். குடும்ப ஓய்வூதியம், காப்பீட்டுத் தொகை, சேமநலக் கணக்கில் உள்ள பணம், குடும்பத்துக்கான மருத்துவ வசதி எல்லாம் அந்த ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்பவை. பட்டியலில் அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் மனைவி, அலுவலகக் கணக்கில், பணியில் உள்ள வீரரின் மனைவி. விண்ணப்பம் கொடுத்தால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். ஏன் தாமதம் என்று அவருக்குப் புரியாது. கணவரின் வங்கி அட்டை ஓர் இழுப்பறையில் இருப்பதும் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இந்தக் குடும்பம் எட்டு மாதமாக என்ன வைத்துச் சாப்பிடுகிறது என்று அந்த இழுப்பறையைத் திறந்த யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

அடுத்து, முற்றத்தில் நின்ற 96 பேர். 107 பேர் செய்ய வேண்டிய காவலை அவர்கள் செய்கிறார்கள். ராக்காவல் முறை சீக்கிரம் திரும்பி வருகிறது, விடுப்பு தள்ளிப்போகிறது, தூக்கம் குறைகிறது. திட்டம் போடுபவர் 107 துப்பாக்கிகளை நம்பி வரைபடத்தில் கோடு போடுகிறார். ஈராக்கில் 2014 ஜூனில் மோசுல் நகரம் சில நாட்களில் கைவிட்டுப் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, காகிதத்தில் இருந்த வீரர்களில் பலர் களத்தில் இல்லை என்பது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் அன்றைய பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில், நான்கு டிவிஷன்களில் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரிய படைப்பிரிவுகள்) மட்டும் 50,000 போலிப் பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்டதாகச் சொன்னார். பட்டியலில் இருந்துகொண்டு தரையில் கால் வைக்காத இவர்களுக்கு ஈராக்கியர்கள் வைத்திருந்த பெயர், 'விண்வெளி வீரர்கள்'. ஆப்கானிஸ்தானில் 2021 ஆகஸ்டில் அரசு கவிழ்ந்த பிறகு, அதன் நிதியமைச்சராக இருந்த காலித் பாயெந்தா, கணக்கில் இருந்த மூன்று லட்சம் படையினர், போலீசாரில் பெரும்பாலோர் உண்மையில் இல்லை என்று பேட்டியில் சொன்னார். எஞ்சி நின்றவர்கள் இல்லாதவர்களின் பங்குக்கும் சேர்த்துப் போரிட்டார்கள்.

'காலங்காலமாக நடப்பது' என்பதில் பொய்யில்லை. பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுப் படையில் ஆய்வு நாளன்று மட்டும் வெளியாட்களைக் கூட்டிவந்து வரிசையில் நிறுத்துவார்கள். அந்த ஆட்களைக் குறிக்க 'பாஸ்-வோலான்' என்று தனிச் சொல்லே உண்டு. பிடிபட்டால் கடுமையான தண்டனையும் உண்டு. அதாவது இந்தத் தவறு எவ்வளவு பழையதோ, இது தவறு என்ற சட்டமும் அவ்வளவு பழையது. உங்கள் கமாண்டர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார்.

"மேலிருந்து சொன்னார்கள், நான் செய்தேன்"

உங்கள் கையெழுத்து வெறும் சம்பிரதாயம், பொறுப்பு உத்தரவிட்டவருடையது என்று நம்புகிறீர்கள். இது தவறு. படையில் இருப்பவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறான நம்பிக்கையும் இதுதான்.

கீழ்ப்படிய வேண்டிய கடமை சட்டபூர்வமான உத்தரவுக்குத்தான் என்பது பெரும்பாலான நாடுகளின் படைச்சட்டத்தில் உள்ள அடிப்படை. பொய்ச் சான்று கொடு என்பது அந்த வகையில் வராது. அதிலும் சான்றளிப்பது என்பது உங்கள் சொந்த அறிவைச் சொல்வது. 'நான் பார்த்தேன், இருக்கிறார்கள்' என்பதை உங்களுக்காக வேறொருவர் பார்த்திருக்க முடியாது. அப்புறம், உங்கள் கமாண்டர் எழுத்தில் எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? நாளை விசாரணை என்று வந்தால் மேசையில் இருக்கப்போவது பட்டியலும் அதன் கீழே உங்கள் பெயரும் மட்டும்தான்.

பல வருடங்களுக்கு முன்பு இப்படியொரு விசாரணையில் ஓர் இளம் எழுத்தருக்காக ஆஜரானேன். எந்தப் படை, எந்த ஊர் என்பது வேண்டாம். சம்பளப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாக நகலெடுத்து மேசையில் விரித்திருந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கையெழுத்து, எல்லாம் ஒரே நீல மை, எல்லாவற்றின் கடைசி எழுத்திலும் ஒரே மாதிரி வால். "உங்கள் முன்னிலையில் போட்டதா?" என்று கேட்டார்கள். பக்கத்தின் அடியில் சாட்சியாக என் கட்சிக்காரரின் பெயர் இருந்தது. அவரைப் போடச் சொன்னவர், "நான் பட்டியலைப் பார்க்கவே இல்லை, எழுத்தரை நம்பினேன்" என்றார். அதை மறுக்க எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எழுத்தருக்கு வேலை போனது.

25ஆம் தேதி என்ன செய்வது

மறுப்பதை ஒரு சண்டையாக நடத்த வேண்டாம். கையெழுத்துப் போடமாட்டேன் என்று அறைக்குள் குரல் உயர்த்தினால் அது கீழ்ப்படியாமை என்று எழுதப்படும். நீங்கள் உண்மையாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். பட்டியலோடு ஒரு குறிப்பை இணையுங்கள். இப்படி இருக்கலாம்:

"இம்மாத ஆள்கணக்கில் வரிசை எண் இன்னின்ன உள்ள 11 பேரை நேரில் சரிபார்க்க இயலவில்லை. அவர்களின் விடுப்பு, மாற்றுப்பணி அல்லது வேறு நிலை குறித்த ஆவணங்கள் என்னிடம் இல்லை. எஞ்சியவர்களுக்கு மட்டும் சான்றளிக்கிறேன். இந்த 11 பெயர்கள் குறித்து எழுத்து மூலம் அறிவுறுத்தல் வேண்டுகிறேன்."

இதில் குற்றச்சாட்டு இல்லை. யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. 'காணவில்லை' என்றுகூட இல்லை, 'சரிபார்க்க இயலவில்லை' என்றுதான் இருக்கிறது. ஒரு நிர்வாக அதிகாரி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அலுவலக வழக்கப்படி எண்ணிட்டு, தேதியிட்டு, அனுப்புகைப் பதிவில் ஏற்றி அனுப்புங்கள். இதை எழுதும் முன், முடிந்தால் இந்த வாரமே, உங்கள் நாட்டின் படைச்சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் வாசகத்தைக் காட்டிவிடுங்கள். உங்கள் படையின் சட்டப்பிரிவு அதிகாரி படைக்குத்தான் ஆலோசகர், உங்களுக்கு அல்ல. நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் கடமை அவருக்கு இல்லாமல் இருக்கலாம்.

கமாண்டர் கூப்பிட்டு, "இதை எடுத்துவிட்டு வேறு போடு" என்பார். "சார், எழுத்தில் கொடுங்கள், அப்படியே இணைத்துவிடுகிறேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் யாரும் கொடுக்கமாட்டார்கள். உங்களை ஒதுக்கிவிட்டு வேறொருவரைப் போடச் சொல்வார்கள். செய்யட்டும். பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது, உங்கள் குறிப்பு கோப்பில் இருக்கும்.

ஏற்கெனவே போட்ட இரண்டு கையெழுத்துகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய பதிவேட்டைத் தொடாதீர்கள். பின்தேதியிட்டு எதையும் திருத்தாதீர்கள், பக்கத்தில் புதிதாகக் குறிப்பு எழுதாதீர்கள். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது ஆவணத்தைத் திருத்திய குற்றமாக நிற்கும். அந்த இரண்டு மாதங்களைப் பற்றி எப்போது, யாரிடம், எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை வழக்கறிஞரோடு முடிவு செய்யுங்கள். பிடிபடும் முன் தானாகச் சொன்னவரைப் பெரும்பாலான விசாரணைகள் வேறு கண்ணோடு பார்க்கின்றன. மன்னிப்பு நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது.

நீங்கள் யோசித்த நான்கு வழிகள்

இடமாற்றம் கேட்பதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால், அந்தக் கையெழுத்து உங்கள் பின்னாலேயே வரும். குறிப்பை இணைத்த பிறகு கேளுங்கள். ராஜினாமாவும் அப்படித்தான். பணியில் இருந்தபோது செய்த குற்றத்துக்கு, விலகிய பிறகும் வழக்குத் தொடர முடியும். பல நாடுகளில் படைச்சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆறு வருடத்தையும் தொலைத்து, ஆபத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வெளியேறுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

பெயர் போடாத கடிதம் உங்களைக் காப்பாற்றாது. அந்த இழுப்பறையைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும்? சார்ஜென்ட், கமாண்டர், நீங்கள். 11 என்ற எண்ணைக் கடிதத்தில் எழுதிய நிமிஷமே எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். எண்ணை எழுதாவிட்டால் கடிதத்தில் விசாரிக்க ஒன்றும் இருக்காது. அநாமதேயப் புகாரை எடுத்துக்கொள்ளாத அமைப்புகளும் உண்டு. ஜெர்மனியில் நாடாளுமன்றப் படை ஆணையர் என்று ஒரு பதவி 1956இல் அரசியல் சாசனத்திலேயே சேர்க்கப்பட்டது. எந்த வீரரும் மேலதிகாரி வழியாகப் போகாமல் நேரடியாக அவருக்கு எழுதலாம். ஆனால் பெயரில்லாத மனுவை அவர் ஏற்பதில்லை. பெயரைச் சொல்லி, அதை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். உங்களுக்கும் பொருந்துவது இந்த இரண்டாவது முறைதான்: பெயரோடு புகார், ரகசியக் காப்பு கோரிக்கையோடு.

நான் மிகவும் பயப்படுவது செல்போன் படத்தை நினைத்துத்தான். ஒரு கம்பெனியில் எத்தனை பேர், யார் யார் என்பது பெரும்பாலான படைகளில் பாதுகாக்கப்பட்ட தகவல். அதைப் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால், ஊழலைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்திலிருந்து ரகசியத்தைக் கடத்தியவர் என்ற இடத்துக்கு ஒரே நாளில் மாறிவிடுவீர்கள். அவர்களுக்கு அதைவிட வசதியான விஷயம் கிடைக்காது. ஆவணம் அலுவலகத்திலேயே இருக்கட்டும். எந்த ஆவணம், எந்த எண், எந்தத் தேதி, எந்த அலமாரி என்பது விசாரிப்பவருக்குப் போதும். சார்ஜென்டோடும் கமாண்டரோடும் பேசிய நாளும் நேரமும், யார் என்ன சொன்னார்கள் என்பதும் மறக்கும் முன் வழக்கறிஞரிடம் சொல்லிப் பதிய வைத்துவிடுங்கள். பத்திரிகையாளர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு, இதுபோன்ற பல விஷயங்கள் அவர்களால்தான் வெளிவந்தன. ஆனால் சட்டம் தரும் பாதுகாப்பு பொதுவாக உரிய அலுவலகத்தில் புகார் கொடுத்தவருக்குத்தான். அந்த வாசல்களைத் தட்டும் முன் பத்திரிகைக்குப் போனால் அந்தப் பாதுகாப்பை நீங்களாகவே இழக்கக்கூடும்.

சரி, உரிய அலுவலகம் எது? உங்கள் கமாண்டரின் கீழ் வராத ஒன்று. தலைமை ஆய்வாளர் அலுவலகம், பாதுகாப்புத் துறைக் கணக்குத் தணிக்கை, ராணுவப் போலீஸ், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் குறைதீர்ப்பாளர் என்று நாட்டுக்கு நாடு பெயர் மாறும். நார்வே 1952லேயே படையினருக்கென்று இப்படியொரு குறைதீர்ப்பாளரை ஏற்படுத்தியது. அமெரிக்காவில் படையினர் தலைமை ஆய்வாளரிடமோ நாடாளுமன்ற உறுப்பினரிடமோ புகார் சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 1988இல் தனிச் சட்டமே வந்தது. உங்கள் நாட்டில் இதில் எது இருக்கிறது என்பதுதான் வழக்கறிஞரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, அங்கே புகார் கொடுத்தவருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்பது.

ஐ.நா.வின் ஊழல் எதிர்ப்பு உடன்படிக்கை காப்பாற்றும் என்று எழுதியிருக்கிறீர்கள். 2003இல் ஏற்கப்பட்டு 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது அது. அதன் 33ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடும் நியாயமான ஆதாரத்தோடும் புகார் சொல்பவரைப் பாதுகாப்பது பற்றியதுதான். ஆனால் நாடுகள் அப்படிச் சட்டம் கொண்டுவருவதைப் 'பரிசீலிக்க வேண்டும்' என்ற அளவிலேயே அது நிற்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது ஏறியிருந்தால்தான் உங்களுக்குக் கவசம். 'நியாயமான ஆதாரம்' என்ற சொற்களை மட்டும் மனசில் வையுங்கள். நீங்கள் எண்ணியது, பார்த்தது, உங்களிடம் நேரில் சொல்லப்பட்டது ஆகியவற்றைத் தாண்டி ஒரு வரிகூடப் புகாரில் வேண்டாம். பணம் எங்கே போகிறது, இன்னும் எத்தனை கம்பெனிகளில் இப்படி என்பதெல்லாம் உங்கள் ஊகம். ஊகத்தில் ஒன்று தவறினாலும் மொத்தத்தையும் பொய் என்பார்கள்.

பதவி உயர்வு என்ற தூண்டில்

'ரிப்போர்ட் நான்தான் எழுத வேண்டும்' என்ற வாக்கியத்தைப் பயமுறுத்தலாக மட்டும் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அதில் ஒரு பேரமும் தெரிகிறது. இந்த உயர்வை இப்படி வாங்கினால், அடுத்ததற்கும் இதே விலை கேட்பார்கள். அதற்குள் உங்களிடம் இரண்டுக்குப் பதில் இருபது கையெழுத்துகள் இருக்கும். சீனாவில் மத்திய ராணுவ ஆணையத்தின் துணைத் தலைவர்களாக இருந்த சூ சாய்ஹோவும் குவோ போசியோங்கும் பதவி உயர்வுக்கு உதவப் பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். சூ வழக்கு முடியும் முன் 2015இல் இறந்தார். குவோவுக்கு 2016இல் ஆயுள் தண்டனை. உச்சியில் பதவி விலைக்குப் போனால் கீழே ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் கொடுத்த காசைத் திரும்ப எடுக்கப் பார்ப்பார். அதற்குச் சுலபமான வழி சம்பளப் பட்டியல்.

இந்த வருஷ உயர்வு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதை மென்று விழுங்கச் சொல்லவில்லை. மோசமான ரிப்போர்ட் வந்தால் எதிர்த்து மனு கொடுக்கும் வழி அநேகமாக எல்லாப் படைகளிலும் உண்டு. அந்த மனுவுக்கு உங்கள் முந்தைய ஐந்து வருட மதிப்பீடுகளும், குறிப்பு அனுப்பிய தேதியும் பக்கபலம். குறிப்புக்கு முன்புவரை நல்ல அதிகாரி, குறிப்பு போன மறுமாதம் திறமையற்றவர் என்றால் தேதிகளே பேசும்.

பழிவாங்கல் பெரும்பாலும் பெரிய குற்றச்சாட்டாக வருவதில்லை. பத்து நிமிடத் தாமதம், ஆயுதக் கிடங்குச் சாவியைக் கையெழுத்தில்லாமல் வாங்கியது, திரும்பக் கொடுக்காத சீருடைப் பொருள் என்று சின்னச் சின்னதாக வரும். உங்கள் மனநிலையைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்புவதும் நடப்பதுதான். ஆகவே அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் சொந்தக் கணக்கு வழக்கில் ஒரு பிசிறு இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடமாவது நடப்பதைச் சொல்லி வையுங்கள். இதைத் தனியாகச் சுமந்தவர்கள் நடுவில் ஒடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த எட்டுப் பேரும் சார்ஜென்டும்

வெளியே வேலை பார்க்கும் எட்டுப் பேரை நீங்கள் கூட்டாளிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். குடும்பத்தில் நோயாளியை வைத்துக்கொண்டு நியாயமான விடுப்புக் கேட்டு, 'பாதிச் சம்பளத்தை விட்டுக்கொடு, வீட்டிலேயே இரு' என்ற பதிலைப் பெற்றவர்களும் இப்படிப்பட்ட பட்டியல்களில் இருப்பார்கள். அட்டையும் ரகசிய எண்ணும் வேறொருவரிடம் இருக்கும்போது அது முழுச் சம்மதமா என்று விசாரணைதான் சொல்ல வேண்டும். நீங்கள் அவர்களைத் தேடிப்போய்ப் பேசாதீர்கள். சாட்சிகளைக் கலைத்தார் என்று ஆகிவிடும். சார்ஜென்டோடும் இனி இதைப் பற்றிப் பேச்சு வேண்டாம். அந்த இழுப்பறையை அவர் அவ்வளவு சாதாரணமாகத் திறந்து காட்டியதிலிருந்து, இதை ஒரு அலுவலக வேலையாகவே அவர் நினைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. அது அவரைக் காப்பாற்றாது, பாவம்.

அமைப்பைத் திருத்துவது உங்கள் ஒருவரின் வேலை இல்லை என்றாலும், குறிப்பில் ஒரு யோசனையைச் சேர்க்கலாம். உங்கள் கம்பெனியில் எண்ணுபவர், சான்றளிப்பவர், பணத்தைப் பிரிப்பவர் எல்லாரும் ஒரே கமாண்டரின் கீழ். காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிக்குழு செய்த முக்கியமான வேலையே, கட்டளையிடும் வரிசையையும் சம்பளம் போகும் வரிசையையும் தனித்தனியாகப் பிரித்ததுதான். கைரேகை வைத்தால் போதுமே என்று கேட்டிருந்தீர்கள். ஒருமுறை பதிந்த கைரேகை, அப்படி ஒரு மனிதர் உண்டு என்று சொல்லும். இன்று ராத்திரி முற்றத்தில் நிற்கிறாரா என்று சொல்லாது. அதற்கு, வேறொரு கம்பெனி அதிகாரி முன்னறிவிப்பின்றி வந்து தலையை எண்ண வேண்டும். உங்கள் குறிப்பில் "இனி ஆள்கணக்கை வெளி அதிகாரி ஒருவர் சரிபார்க்கலாம்" என்று ஒரு வரி போடுங்கள். ஏற்றாலும் மறுத்தாலும் அது கோப்பில் இருக்கும்.

கடைசியாக, இறந்தவர் விஷயம். அவர் மனைவிக்கு நீங்கள் போன் செய்ய வேண்டும் என்று துடிப்பது புரிகிறது. இப்போது செய்யாதீர்கள். நீங்கள் சொல்லும் பாதித் தகவலை வைத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்கு வந்தால், அவரையும் ஒரு கையெழுத்துப் போடவைத்து அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பதிலாக, இறப்புப் பதிவைக் கவனிக்கும் பிரிவுக்கு இன்றே ஒரு சாதாரணக் கடிதம் அனுப்புங்கள். அந்த வீரரின் படை எண்ணை எழுதி, "இவரது இறப்பு அறிக்கை எந்தத் தேதியில் பெறப்பட்டது, குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது எனத் தெரிவிக்கவும்" என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிர்வாக அதிகாரி வழக்கமாகக் கேட்கக்கூடிய கேள்விதான் அது. 11 பேரைப் பற்றிய குறிப்புக்கு முன்பே இது போகட்டும்.